தரிசு என்கிறார்கள், கள்ளிமுளையான் முளைக்கிறது

எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஏதாவது ஒரு சரளைக் காட்டைக் காட்டி, "அதுல என்னய்யா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன இருக்கு, சும்மா கெடக்கு, தரிசு" என்றுதான் பதில் வரும். கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும் அ-பதிவேட்டிலும் அதே சொல்தான். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு வகை. வரி வருமா வராதா என்று பார்த்து வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பெயர்கள் இவை. அந்த நிலத்தில் என்ன முளைக்கிறது, அதை யார் தின்று பசியாறுகிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

அதே சரளைக் காட்டில், ஐப்பசி மழை விழுந்து பத்து நாள் கழித்துப் போங்கள். சூரை முள்ளுக்கும் சங்கம் புதருக்கும் அடியில் குனிந்து பாருங்கள். ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைக் குச்சிகள் கொத்தாக நிற்கும். இலை கிடையாது, முள் கிடையாது. தண்டு நாலு பட்டையாக, சதைப்பிடிப்பாக இருக்கும். அதுதான் கள்ளிமுளையான். சில ஊர்களில் கல்முளையான் என்றும் சொல்கிறார்கள். கல்லுக்குள்ளே முளைப்பதால் அந்தப் பெயரும் பொருத்தம்தான்.

இந்தச் செடியை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பாரம்பரிய நெல்லைப் பற்றி எழுதுகிறோம், நாட்டு மாட்டைப் பற்றி எழுதுகிறோம், சிறுதானியம் பற்றி எழுதுகிறோம். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணி கட்டாமல் நமக்குச் சோறுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த இந்தச் செடியை எழுதுவதில்லை. எழுதாமல் இருக்கிற காலத்திலேயே அது குறைந்துகொண்டும் வருகிறது.

அடையாளம் தெரிந்து பறியுங்கள்

புதியவர்கள் முதலில் பிரண்டை என்று நினைப்பார்கள். பிரண்டைக்கும் நாலு பட்டைதான். ஆனால் அது கணுக் கணுவாக இருக்கும், பற்றுக்கம்பி விட்டு வேலியில் ஏறும். கள்ளிமுளையான் ஏறாது. தரையில் இருந்து நேராக எழும்பி, நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும்.

அடுத்தது கள்ளி. சதுரக்கள்ளியின் இளங்குருத்தைத் தூரத்தில் பார்த்தால் குழப்பம் வரலாம். இதற்கு ஒரு எளிய சோதனை: ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் தொடாதீர்கள், அது கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கள்ளிமுளையானை ஒடித்தால் தெளிந்த தண்ணீர்தான் கசியும். பெயரில் கள்ளி இருந்தாலும் இது கள்ளிக் குடும்பம் இல்லை. நம் எருக்குக்குத்தான் பங்காளி. காயைப் பார்த்தால் உறவு புரிந்துவிடும். இரண்டு கொம்பு மாதிரி மெல்லிய காய் ஜோடியாக நிற்கும். முற்றி வெடித்தால் எருக்கம்பஞ்சு போலவே, பட்டு முடி கட்டிய விதைகள் காற்றில் பறக்கும்.

பூ மழைக்குப் பிறகு வரும். தண்டின் மேல் பாதியில் கருஞ்சிவப்பாகத் தலை கவிழ்ந்து தொங்கும். இதழ் ஓரத்தில் மெல்லிய முடி ஆடிக்கொண்டிருக்கும். தேனீயை விட ஈதான் இந்தப் பூவுக்கு வேலைக்காரன். இந்தக் குடும்பத்தில் மகரந்தம் தூளாக இருக்காது, சின்னப் பொதியாக இருக்கும். அது ஈயின் மேல் கவ்விக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். காட்டில் பூச்சிமருந்து அடித்து ஈயையும் சேர்த்துக் கொன்றால் இந்தச் செடியில் காய் பிடிக்காது.

இன்னொரு சாதி உண்டு. தண்டு விரல் தடிமனுக்கு மேலே இருக்கும். நுனியில் கருப்பாக ஒரு பந்து போலப் பூக்கும், கிட்டே போனால் அழுகல் வாடை அடிக்கும். எருமைக் கள்ளிமுளையான் என்பார்கள். துவையலுக்கு நம் மெல்லிய சாதிதான் ருசி.

தாவர நூல்களில் இதன் பெயர் கராலுமா அட்செண்டென்ஸ். கம்பெனி காலத்துத் தாவர ஆராய்ச்சியாளர் வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரையோரத் தாவரங்களைப் பற்றி 1795-ல் வெளியிட்ட நூலில் இதை வேறொரு பெயரில் சேர்த்தார். 1810-ல் ராபர்ட் பிரௌன் என்பவர் கராலுமா என்று தனிப் பேரினம் ஆக்கினார். அது லத்தீன் சொல் இல்லை. ராக்ஸ்பரோ 'கார் அல்லம்' என்று எழுதி வைத்திருந்த தெலுங்குப் பெயரில் இருந்து பிறந்தது. எங்கள் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. காட்டில் ஆடு மேய்த்தவர்கள் வாயில் இருந்த பேச்சுத்தான் உலகம் பூராவும் விஞ்ஞானப் பெயராக ஓடுகிறது. பேர் வைக்கத் தெரிந்தவர்கள் இந்த மக்கள்தான் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு இடத்தில் இது தேவைப்படும்.

ராத்திரியில் மூச்சு விடும் செடி

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வெயில். சரளைக் கல்லில் வெறும் காலை வைக்க முடியாது. அந்தக் கல்லிலேயே இது எப்படி நிற்கிறது?

முதலில் இலையை விட்டுவிட்டது. இலை செய்கிற வேலையைத் தண்டே செய்கிறது. ஆவியாகப் போகிற பரப்பு குறைந்துவிட்டது. தண்டுக்குள்ளே தண்ணீரைச் சேமித்து வைக்கிறது. கோடையில் தண்டு சுருங்கும், சாம்பல் பூத்துப்போகும், செத்துவிட்டது என்றே தோன்றும். ஒரு மழை விழுந்தால் மூணாம் நாள் உப்பிவிடும்.

இரண்டாவது சூட்சுமம் மூச்சு விடுகிற நேரம். நெல்லும் பருத்தியும் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமிலவாயுவை உள்ளே இழுக்கும். திறந்த துளை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். கள்ளிமுளையான் பகலில் துளையை மூடி வைத்துவிட்டு, குளிர்ந்த ராத்திரியில் திறக்கும். இழுத்த வாயுவை ஒருவகைப் புளிப்பு அமிலமாக மாற்றித் தண்டுக்குள் சேர்த்து வைக்கும். விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தில் இருந்து வாயுவை எடுத்து வெயிலில் சமைத்துக்கொள்ளும்.

இதை நாக்கிலேயே பார்க்கலாம். விடியற்காலை பறித்த தண்டு புளிக்கும். சாயந்திரம் பறித்தது சப்பென்று இருக்கும். எங்கள் வீட்டில் காலையில் பறித்தால் துவையலுக்குப் புளியைக் குறைத்துப் போடுவார்கள். இதே விஷயத்தை ரணகள்ளி இலையில் கவனித்து, காலையில் புளிக்கிறது, பொழுது ஏற ஏறப் புளிப்பு போய்விடுகிறது என்று லண்டன் சங்கத்துக்கு எழுதியவர் பெஞ்சமின் ஹைன். நம் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த தாவர ஆராய்ச்சியாளர். 1815-ல் அது அச்சாகியது. ராத்திரியில் மூச்சு விடும் செடிகளைப் பற்றிய விஞ்ஞானம் இப்படி ஒரு நாக்கு ருசியில்தான் தொடங்கியது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் கரியமிலவாயுவைப் பிடிக்க நெல், பருத்தி போன்ற பயிர்கள் 400 முதல் 500 கிராம் தண்ணீரை ஆவியாக விடுகின்றன. சோளம், கம்பு, குதிரைவாலிக்கு 250 முதல் 300 கிராம். கள்ளிமுளையான் போல ராத்திரியில் மூச்சு விடும் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும். எங்கள் கரிசலில் குதிரைவாலி ஏன் நிற்கிறது, சரளையில் கள்ளிமுளையான் ஏன் நிற்கிறது என்பதற்கு இந்த மூன்று வரிக் கணக்கே பதில்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. துளையைச் சிக்கனமாகத் திறக்கிற செடி மெதுவாகத்தான் வளரும். ஒரு கொத்து கைப்பிடி அளவுக்கு வளர வருஷக்கணக்கு ஆகும். பறிக்கிறவர்கள் இதை மறந்தால் காடு காலி.

துவையலும் கூழும்

எங்கள் பகுதியில் இதைப் பறித்துத் தின்று வளர்ந்தவர்கள் ஆடு மேய்க்கிறவர்களும், விறகு பொறுக்கப் போகும் பெண்களும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும்தான். ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "மத்தியானம் சோத்துச் சட்டி காலியாப் போச்சுன்னா ரெண்டு தண்டை ஒடிச்சு ஓரத்தை உரிச்சுப்போட்டு மென்னுக்கிருவோம் தம்பி. பசி அடங்கிரும். தண்ணித் தாகமும் எடுக்காது. ஒரு கல்லு உப்பு இருந்தா ராஜபோகம்" என்றார்.

வீட்டில் செய்கிற துவையல் இப்படி: இளந்தண்டு இரண்டு கைப்பிடி. முற்றிய அடித்தண்டு வேண்டாம், நார் இருக்கும், கசப்பும் கூடும். நாலு ஓரத்தையும் கத்தியால் லேசாகச் சீவிவிட்டுக் கழுவி நறுக்க வேண்டும். நல்லெண்ணெயில் உளுந்தம்பருப்பு, வரமிளகாய், பூண்டு, நாலு சின்ன வெங்காயம் வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தண்டைப் போட்டுப் பச்சை நிறம் மங்கும் வரை வதக்க வேண்டும். புளி, உப்பு சேர்த்து அம்மியில் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். குதிரைவாலிச் சோற்றுக்கும் கம்மங்கூழுக்கும் இதை விட்டால் வேறு ஜோடி இல்லை. கசப்பு ஆகாதவர்கள் நறுக்கிய தண்டை அரை மணி நேரம் மோரில் போட்டு எடுத்துச் செய்யலாம்.

தார் பாலைவனத்திலும் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைக் கறியாகச் சமைக்கிறார்கள். வறண்ட ஊர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஏழைகள் இந்தக் குடும்பத்துச் செடியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

துவையல் மாத்திரை ஆன கதை

ஆடு மேய்க்கிறவர் சொன்ன "பசி அடங்கிரும்" என்ற சொல்லை வைத்து இன்றைக்கு ஒரு வியாபாரம் நடக்கிறது. கள்ளிமுளையானின் சாறு உடம்பு இளைப்பதற்கான மாத்திரையாக வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறது. வயிறு நிறையச் சோறு இல்லாதவன் பசியை அடக்கத் தின்றது, வயிறு நிறைந்தவன் பசியை அடக்கப் போகிறது.

உண்மையில் அது எவ்வளவு வேலை செய்கிறது? பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. எடை கூடிய 50 பேரில் ஒரு பாதிக்கு இந்தச் சாறு தினம் 1 கிராம், இன்னொரு பாதிக்கு வெறும் மாத்திரை என்று 60 நாள் கொடுத்தார்கள். சாறு சாப்பிட்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் எடையிலும் கொழுப்பிலும் இரண்டு கூட்டத்துக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, பசி அடங்கும் என்று பெரியவர் சொன்னது சரி. எடை இறங்கும் என்று டப்பாவில் போடுவதற்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லவில்லை. சர்க்கரைக்கு நல்லது, வயிற்றுப்புண்ணுக்கு நல்லது என்று ஊரில் சொல்கிறார்கள். காட்டுக் கீரை மாதிரி அளவாகத் துவையலாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பது நல்லது.

இந்த வியாபாரம் எங்கே போய் நிற்கும் என்று பார்க்கத் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே களஹாரிப் பாலைவனத்தில் ஹூடியா என்று ஒரு செடி. கள்ளிமுளையானுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் முள் உண்டு. சான் என்ற பழங்குடி மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க அதை மென்றார்கள். 1990-களின் நடுவில் அந்த நாட்டு அரசின் ஆராய்ச்சி மன்றம், பசியை அடக்கும் அந்தப் பொருளுக்குக் காப்புரிமை வாங்கியது. சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரிமை பிரிட்டனில் உள்ள ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனது, அங்கிருந்து ஃபைசருக்குப் போனது. 2001-ல் விஷயம் வெளியே வந்தபோது, அந்த மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டோம் என்கிற மாதிரி அந்தப் பிரிட்டன் கம்பெனித் தரப்பு பேசியது பத்திரிகைகளில் வந்தது. சான் மக்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து கேள்வி கேட்டார்கள். 2003-ல் ஒப்பந்தம் ஆனது. ஆராய்ச்சி மன்றத்துக்கு வரும் உரிமைத்தொகையில் 6 சதவீதமும், இடைக்கட்டங்களில் வரும் தொகையில் 8 சதவீதமும் அவர்களுக்கு என்று முடிவானது. அதற்குள் காட்டுச் செடியை வெட்டிக் கடத்துவது கூடிப்போய், 2004-ல் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் ஹூடியாவை உலக வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் உரிமையை வாங்கியிருந்த யூனிலீவர், பாதுகாப்பும் பலனும் போதவில்லை என்று 2008-ல் கைகழுவிவிட்டது. மக்களுக்குப் பெரிய பணம் வந்து சேரவில்லை. காட்டில் செடி குறைந்ததுதான் மிச்சம்.

இந்தக் கதையில் சான் மக்கள் என்று வரும் இடத்தில் திருச்சுழி ஆட்டுக்காரரை வைத்துப் பாருங்கள்.

எப்படிக் குறைகிறது

"முன்னாடியெல்லாம் ஆட்டை மறிச்சு நிக்கிற எடத்துலயே மடி நெறையப் பறிப்பேன். இப்ப ரெண்டு காடு நடந்தாத்தான் ஒரு துவையலுக்கு ஆகுது" என்று அந்தப் பெரியவரே சொல்கிறார். நான் பார்த்த வரையில் காரணங்கள் நாலு.

ஒன்று, வேரோடு பிடுங்குவது. சில வருஷத்துக்கு முன்னால் மூலிகை வாங்குகிறேன் என்று ஒருவர் ஊருக்குள் வந்தார். காய்ந்த எடைக்குக் காசு என்றார். இந்தத் தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காய்ந்த ஒரு கிலோவுக்குப் பச்சையாகப் பத்துக் கிலோ வேண்டும். ஜனங்கள் அவசரத்தில் கொத்துக் கொத்தாக இழுத்துச் சாக்கில் அடைத்தார்கள். சாக்கைப் பார்த்தேன், பாதிக்கு மேல் வேரும் மண்ணும்தான். அந்த மேட்டில் அப்புறம் கொத்து தழையவே இல்லை.

இரண்டு, சீமைக்கருவேல். அது அடர்ந்து மூடிய இடத்தில் அடியில் வெளிச்சம் இல்லை, எதுவும் இல்லை.

மூன்று, சீமைக்கருவேலை எடுக்கிற முறை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்ன சமயத்தில் ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஜேசிபிக்குச் சீமைக்கருவேல், சூரை, சங்கம், கிளுவை என்ற பேதம் தெரியாது. கல்லைப் புரட்டி, முள்ளைப் புரட்டி, மேட்டையும் சமன் செய்துவிட்டுப் போய்விடும். கள்ளிமுளையானுக்கு அந்த நாட்டு முள்தான் குடை. குருத்து விடும் காலத்தில் வெயிலில் இருந்தும் ஆட்டு வாயில் இருந்தும் காப்பாற்றுவது அதுதான். குடையை எடுத்தால் குழந்தை பிழைக்காது.

நாலு, மொத்தமாகவே நிலம் கைமாறுவது. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். எங்கள் பக்கமும் கல்குவாரி, மனை, மின் நிலையம் என்று கேட்டு வருகிறார்கள். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "தரிசுதானே" என்ற ஒரு சொல்லில் அந்த நிலத்தின் மொத்தக் கணக்கையும் முடித்துவிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இதன் உறவுக்காரச் செடி ஒன்று மகாராஷ்டிராவில் இருக்கிறது. பெயர் ஃப்ரேரியா இண்டிகா. சிவநேரிக் கோட்டைப் பக்கமும் இன்னும் சில குன்றுகளிலும் பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு மிச்சம் இருக்கிறது. உலகத்திலேயே அழிவின் விளிம்பில் நிற்கும் தாவரங்களில் ஒன்றாக அதைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம் கள்ளிமுளையான் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. போன பிறகு பட்டியல் போடுவதை விட இப்போது வரப்பில் நடுவது சுலபம்.

வரப்பில் வளர்ப்பது எப்படி

நம்மாழ்வார் அய்யா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி சம்சாரிக்குக் கட்டுப்படியாகாத ஆராய்ச்சியால் பயன் இல்லை என்று 1969-ல் வெளியே வந்தவர். நிலத்துக்கு ஏற்ற பயிர் என்று அவர் சொன்னதற்குக் கள்ளிமுளையானை விடச் சரியான உதாரணம் எங்கள் சரளையில் இல்லை. தண்ணீர் கட்ட வேண்டாம், உரம் வேண்டாம். இடம் மட்டும் கொடுத்தால் போதும்.

தண்டு வெட்டுவது: முற்றிய கொத்தில் இருந்து ஒரு சாண் நீளத் தண்டைக் கத்தியால் வெட்டுங்கள். இழுக்க வேண்டாம். ஒரு கொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஆறப்போடுவது: வெட்டிய தண்டை உடனே நடக்கூடாது. நிழலில் நாலைந்து நாள் போட்டுவையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும்.

மண்: சரளையும் மணலும் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கைப்பிடி. கரிசலில் நேரடியாக நட வேண்டாம். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அழுகும். கரிசல் காட்டுக்காரர்கள் வரப்பு ஓரத்தில் கல்லையும் சரளையையும் முழங்கால் உயரத்துக்குக் குவித்து அதில் நடலாம்.

நடவு: ஆவணிக் கடைசி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். இரண்டு விரல் ஆழம் போதும். நட்ட பிறகு வாரம் ஒரு தரம் தெளித்தால் போதும். மழை தொடங்கியபின் அதுவும் வேண்டாம்.

இடம்: கிளுவை வேலி இருந்தால் அதன் அடிதான் முதல் இடம். சூரை, சங்கம் இருக்கிற மேட்டை அழிக்காமல் அதற்குள்ளே நடலாம். முழு வெயிலில் நடுகிறவர்கள் முதல் கோடைக்கு மட்டும் முள் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். நிழலும் ஆச்சு, ஆட்டுக்கு வேலியும் ஆச்சு.

விதை: காய் வெளிறி வெடிக்கப் போகும்போது மெல்லிய துணியால் கட்டிவிட்டால் விதை பறக்காது. எடுத்த சூட்டோடு மணல் தட்டில் தூவி லேசாக மூடுங்கள். தண்டில் இருந்து வந்த செடி எல்லாம் ஒரே தாயின் நகல்தான். நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். அதனால் விதையிலும் கொஞ்சம் வளர்ப்பது முக்கியம்.

மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தொட்டுத் தூரிகையால் தடவுங்கள். அழுகல் கண்டால் அழுகாத மேல்பாகத்தை வெட்டி ஆறவைத்துத் திரும்ப நடுங்கள்.

முதல் வருஷம் பறிக்காதீர்கள். இரண்டாம் வருஷத்தில் இருந்து நுனித் தண்டை மட்டும், தரைக்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வரும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ஏக்கர் கணக்கில் போட்டு ஏற்றுமதி செய்யலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நித்தியகல்யாணி போட்டோம், கண்வலிக்கிழங்கு போட்டோம், அவுரி போட்டோம். வாங்குகிறவன் ஒருத்தனாகவும் விற்கிறவன் ஆயிரம் பேராகவும் இருந்தால் விலை யார் கையில் இருக்கும் என்று அனுபவப்பட்ட ஊர் இது. வீட்டுக்கு, அக்கம்பக்கத்துக்கு, மிஞ்சினால் இயற்கைச் சந்தையில் கூறு கட்டி விற்க. அவ்வளவு போதும்.

ஊர்ப் பதிவேட்டில் ஏற்றுங்கள்

வரப்பில் நடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ஊரில் என்ன செடி, எங்கே, எந்தப் பெயரில், எதற்குப் பயன், யாருக்குத் தெரியும் என்று எல்லாம் அதில் வரும். வியாபாரத்துக்காக வெளியாட்கள் பறிக்க வந்தால் கட்டணம் வாங்கவும் அந்தக் குழுவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. நாமும் நம் வைத்தியர்களும் நம் தேவைக்குப் பறிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2023-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏட்டில் எழுதப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்கள் மக்களுக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை என்று அதில் ஒரு விலக்கு இருக்கிறது. அப்படியென்றால் வாய்வழியாக ஆட்டுக்காரரிடமும் அப்பத்தாக்களிடமும் இருக்கிற அறிவுக்குத்தான் இன்னும் உரிமை கேட்க வழி இருக்கிறது. அது இன்னாருடைய ஊர் அறிவு என்று காட்டுவதற்கு ஊர்ப் பதிவேட்டை விட நல்ல சாட்சி வேறு இல்லை. 'கார் அல்லம்' என்று பெயர் சொன்னவர் யார் என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. ராக்ஸ்பரோ பெயர் மட்டும்தான் நூலில் நிற்கிறது. இந்தத் தடவை அப்படி விட வேண்டாம்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது கேளுங்கள்: நம் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு யார் யார்? பதிவேடு எங்கே? அதில் கள்ளிமுளையான் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுங்கள். சர்வே எண்ணில் தரிசு என்று போட்டிருக்கும் நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதினாலும் போதும். யாராவது அந்த நிலத்தைக் கேட்டு வரும்போது "அங்கே ஒண்ணும் இல்லை" என்று சொல்ல முடியாது.

சீமைக்கருவேல் எடுப்பவர்கள் பாறை மேட்டிலும் சரளைத் திட்டிலும் ஜேசிபியை விடாமல் கையால் வெட்டுங்கள். ஏக்கருக்கு ஒரு மூலையாவது நாட்டு முள்ளோடு விட்டுவையுங்கள். மழை முடிந்து கார்த்திகையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மூலையைக் காட்டுங்கள். ஒரு தண்டை ஒடித்து, ஓரத்தை உரித்து, உப்பு தொட்டுக் கொடுங்கள். காலையிலேயே போங்கள், புளிப்பாக இருக்கும்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர், எப்படிச் சமைக்கிறீர்கள், எந்த மாதிரி மண்ணில் நிற்கிறது என்று இதழுக்கு எழுதுங்கள். நட ஆரம்பித்தவர்களும் எழுதுங்கள். கையில் தண்டு இருக்கிறவர் இல்லாதவருக்கு ரெண்டு கொடுத்தால், ஒரு ஐப்பசி மழைக்குள் ஊருக்கு ஊர் பரவிவிடும்.